ஒற்றைக் காது போதாது

(தஞ்சாவூரில் சைக்கிள் ஓட்டுவோர் கூடிய மாலை நிகழ்வு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்கும் முன் ஒரு சிறு சோதனை செய்துவிடுவோம். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முன்வரிசையில் இருக்கும் இந்தத் தம்பியிடம் ஒரு சைக்கிள் பெல் கொடுத்திருக்கிறேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அரங்கைச் சுற்றி நடப்பார். தனக்குத் தோன்றிய இடத்தில் நின்று ஒரே ஒரு தடவை அடிப்பார். சத்தம் வந்த பக்கம் கையை நீட்டுங்கள்.

சரி, கையை இறக்காமல் கண்ணைத் திறந்து பாருங்கள். ஏறத்தாழ எல்லாக் கையும் அவரையே காட்டுகிறது.

இன்னொரு தடவை. இப்போது இடது காதை விரலால் இறுக அடைத்துக்கொள்ளுங்கள். கண்ணையும் மூடுங்கள். தம்பி, நடங்க.

திறக்கலாம். தம்பி நிற்பது இடப்பக்கச் சுவரோரம், ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே. பாதிக்கு மேற்பட்ட கைகள் வலப்பக்கச் சன்னலைக் காட்டுகின்றன. பெல் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் தொலைந்துபோனது.

காதில் இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்த பெரும்பகுதியை இந்தத் தம்பி இப்போது சொல்லிவிட்டார். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். ஒலி பற்றிய பாடத்தை எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. சைக்கிள் அதற்கும் முந்தைய பழக்கம். எட்டு வயதில் அப்பாவின் 24 இஞ்ச் வண்டியில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலையில் ஓட்டுகிறேன். ஒலியும் தெரியும், சாலையும் தெரியும். அப்படியிருந்தும் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில், காதில் இயர்பட்ஸோடு போய் விழுந்தேன். காறை எலும்பு முறிந்து, ஆறு வாரம் கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

அன்று நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற பழைய சாலையை உங்களுக்குத் தெரியும். அய்யம்பேட்டை தாண்டிப் பாபநாசம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். சம்பா அறுவடை நேரம். சாலையின் இடப்பக்கம் நெல்லைப் பரப்பிக் காயவைத்து, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கல் வரிசை வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் சைக்கிள்காரர் நடுச்சாலைக்கு ஏறித்தான் ஆகவேண்டும். ஏறும்முன் பின்னால் என்ன வருகிறது என்று காதால் பார்த்துக்கொள்வோம். இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஓட்டுகிற எல்லாருக்கும் அது கைவந்த பழக்கம்.

என் இடது காதில் ஒரு பட். அதில் நாகஸ்வரம், தோடி ஆலாபனை. வலது காது திறந்திருந்தது. நம் நாட்டில் வண்டிகள் வலப்பக்கமாகத்தானே முந்தும், அந்தக் காது திறந்திருந்தால் போதும் என்பது என் கணக்கு. நெல் முடிகிற இடத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. வலப்பக்கம் யாரோ முந்துகிறார்கள் என்று பட்டது. வழி விடுவதற்காக இடப்பக்கம் ஒதுங்கினேன். மோட்டார் சைக்கிள் வந்ததோ இடப்பக்கம். நெல் நெடுகிலும் என் பின்னாலேயே பொறுமையாக வந்த அந்த இளைஞர், நெல் முடிந்ததும் மண் ஓரத்தில் இறக்கி என்னைக் கடக்கப் பார்த்திருக்கிறார். இடப்பக்கம் முந்தியது அவர் தவறு, சந்தேகமில்லை. ஆனாலும் ஹாரன் அடித்துத் தன் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அவருக்கும் முழங்காலெல்லாம் தேய்ந்து ரத்தம். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தார். "ஹாரன் அடிச்சேனே ஐயா, கேக்கலையா?" என்று கேட்டார்.

கேட்டது. கேட்டும் விழுந்தேன். அந்த ஆறு வாரமும் நான் யோசித்துக்கொண்டிருந்தது அதைப் பற்றித்தான்.

கேட்டும் ஏன் திசை தவறியது என்பதற்கான விடை ஓர் இயற்பியலாளரிடம் தொடங்குகிறது. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதை விளக்கியவர், ஆர்கான் வாயுவைக் கண்டறிந்து 1904-ல் நோபல் பரிசு பெற்றவர் ரேலி பிரபு. அவருக்கு ஒலியிலும் தீராத ஆர்வம். ஒரு புல்வெளியின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றுகொண்டு, சுற்றிலும் உதவியாளர்களை நிறுத்திப் பேசச் சொல்லி, குரல் எங்கிருந்து வருகிறது என்று காட்டிப் பார்த்தார். நாம் இப்போது செய்த சோதனைக்கு அவர்தான் மூதாதை. 1907-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய புரிதல் வளர்ந்தது. உங்கள் இடப்பக்கம் ஒரு பெல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. இடது காதை முதலில் தொடுகிறது, தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போகிறது. அந்தச் சிறு தூரத்துக்கு ஆகும் நேரம், அதிகம் போனால் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு, 0.6, 0.7 மில்லி வினாடி. இந்த வித்தியாசத்தைக் கொண்டுதான் மூளை திசையைக் கணக்கிடுகிறது. வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட நல்ல காதுகள் பிடித்துவிடும். கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு இன்னொரு வழி உண்டு. தலை ஒரு சுவர்போல் மறைப்பதால் அந்தப் பக்கக் காதில் சத்தம் குறைவாக விழும்.

இரண்டு வழிக்கும் இரண்டு காது வேண்டும். ஒரு காதை அடைத்துவிட்டால் மூளையிடம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. திறந்திருக்கிற காதின் பக்கமே எல்லாச் சத்தமும் வருவதாக அது எடுத்துக்கொள்ளும். என் வலது காது திறந்திருந்தது. ஹாரன் வலப்பக்கம் கேட்டது. இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான்.

முன்னா பின்னா என்பதைச் சொல்வது காது மடல். மடலில் இருக்கிற மடிப்பும் குழிவும் வெறும் அழகுக்காக இல்லை. முன்னாலிருந்து வருகிற சத்தத்தையும் பின்னாலிருந்து வருகிற சத்தத்தையும் அவை வெவ்வேறு விதமாகத் திருத்தி உள்ளே அனுப்புகின்றன. பிறந்ததிலிருந்து நம் மூளை நம்முடைய மடலுக்குப் பழகியிருக்கிறது. சிலிக்கான் குமிழ் வைத்த பட்ஸை உள்ளே செருகினால் மடலைத் தாண்டி ஒரு கதவைச் சாத்தியதாக ஆகிவிடுகிறது.

சாலையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். இதையே திருப்பிப் பாருங்கள்: காதுக்குள் வருகிற சத்தத்தை 6 டெசிபெல் குறைத்துவிட்டால், முன்பு கேட்ட அதே அளவு கேட்க அந்த வண்டி பாதித் தூரம் நெருங்கி வரவேண்டும். நன்றாகப் பொருந்துகிற குமிழ் 12 டெசிபெல் குறைப்பது சாதாரணம். அப்படியானால் கால்வாசித் தூரம். பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, நீங்கள் 18-ல் போகிறீர்கள். அது உங்களை நெருங்குகிற வேகம் 42 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 11.7 மீட்டர். 100 மீட்டர் பின்னால் வரும்போதே கேட்டிருந்தால் கையில் எட்டரை வினாடி இருக்கும். பள்ளத்தைப் பார்த்து, ஓரத்தைப் பார்த்து, தலையைத் திருப்பிப் பார்த்து, நிதானமாக ஒதுங்கலாம். 25 மீட்டரில் கேட்டால் இரண்டு வினாடிதான். இதில் பாட்டுச் சத்தத்தை நான் சேர்க்கவே இல்லை. வெறும் குமிழுக்கு உண்டான கணக்கு இது.

இனி, சத்தத்தை அழிக்கிற தொழில்நுட்பம். இதன் கதை எனக்குப் பிடித்தமானது. வெளியிலிருந்து வரும் ஒலி அலைக்கு எதிரான அலை ஒன்றை உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டு அமைதியை உண்டாக்கலாம் என்று பால் லூக் என்ற ஜெர்மானியர் யோசித்தார். அமெரிக்காவில் 1936-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நடைமுறைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டன் திரும்பிக்கொண்டிருந்த, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தின் நிறுவனர் அமர் போஸ் விமானத்தில் கொடுத்த ஹெட்போனைப் போட்டுப் பார்த்தார். இன்ஜின் இரைச்சலில் பாட்டு கேட்கவில்லை. பயணத்திலேயே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார்.  1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அந்த யோசனை சந்தைக்கு வந்தது. இன்று அதே வேலையைச் செய்யும் பொருள் கட்டைவிரல் நுனி அளவில் நம் காதுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மனித அறிவின் அழகான சாதனைகளில் ஒன்று என்றுதான் இதை நான் சொல்வேன்.

ஆனால் அது எந்தச் சத்தத்தை அழிப்பதற்காகப் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். இடைவிடாத, அடித்தொண்டையில் உறுமுகிற இன்ஜின் சத்தத்தை. அதைத்தான் அது மிக நன்றாக அழிக்கும். திடீர் என்று வருகிற கீச்சொலியில் அது அவ்வளவு கெட்டி இல்லை. நம் முதுகுக்குப் பின்னால் வருகிற டிப்பர் லாரியின் சத்தமும், தனியார் பஸ்ஸின் சத்தமும், நெல் ஏற்றிய டிராக்டரின் சத்தமும் அந்த உறுமல்தானே. விமானப் பயணிக்கு வேண்டாத சத்தமும் சைக்கிள்காரரின் உயிரைக் காக்கிற சத்தமும் ஒன்றாக இருக்கின்றன.

"டிரான்ஸ்பரன்சி மோடு இருக்கே சார், வெளிச்சத்தம் எல்லாம் உள்ளே வருமே" என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். 2019-ல் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ வந்ததிலிருந்து இந்த வசதி பரவலாகப் பேசப்படுகிறது. பட்ஸின் வெளிப்பக்கம் ஒரு மைக் இருக்கிறது. அது வெளிச்சத்தத்தை வாங்கி உள்ளே போடுகிறது. ரயில்வே பிளாட்பாரத்தில் அறிவிப்பு கேட்க, கடையில் பாக்கிச் சில்லறை வாங்கும்போது பேச, நல்ல வசதி. சைக்கிளில் என்ன ஆகிறது? இருபது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அந்த மைக்கில் நேராக அறைகிறது. உள்ளே வருவதில் ஒரு பங்கு காற்றின் புஸ்புஸ். அதோடு பாட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு, வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, வெளியில் நடப்பதைக் கேட்டுச் சொல்லச் சொல்வது போன்றது இது. கதவைத் திறந்து வைப்பதற்கு ஈடாகாது.

காதுக்கு வெளியே கன்னத்து எலும்பில் பதிகிற, எலும்பு வழியாக ஒலி அனுப்புகிற வகை ஒன்றும் இருக்கிறது. காது அடைபடாமல் இருப்பதால் இருப்பவற்றில் அதுதான் தீங்கு குறைந்தது என்பது என் கருத்து. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற தம்பிகள் சைக்கிளிலும் வருகிறார்கள். அவர்களுக்கு வழி சொல்லும் குரல் வேண்டும், வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கவும் வேண்டும். வயிற்றுப் பிழைப்பு. அவர்களிடம் போய் எதையும் போடாதே என்று நான் சொல்ல மாட்டேன். வழிக்குரலுக்கு மட்டும் அந்த வகையைப் போடுங்கள், அழைப்பு வந்தால் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள் என்றுதான் சொல்வேன். மற்றவர்களுக்கு அதுவும் வேண்டாம். காதின் வாசல் திறந்திருந்தாலும் உள்ளே பாட்டு ஓடினால் மெல்லிய சத்தத்தை அது மூடிவிடும். மனமும் பாட்டோடு போய்விடும்.

மற்ற நாடுகளில் என்ன சட்டம் என்று கேட்பீர்கள். பிரான்சில் 2015 ஜூலை 1 முதல் சைக்கிள் ஓட்டுவோரும் காதில் எதையும் செருகக் கூடாது. அபராதம் 135 யூரோ. காது கேட்கும் கருவிக்கு மட்டும் விலக்கு. ஸ்பெயினிலும் தடை. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்கின்றன. பிரிட்டனில் சட்டம் எதுவும் இல்லை. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை. சட்டம் வரட்டும் என்று காத்திருக்கிற விஷயமாக இதை நான் பார்க்கவில்லை. கலிபோர்னியாவின் ஒற்றைக் காது ஏற்பாடு எவ்வளவு அரைகுறையானது என்பதை என் காறை எலும்பு எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

நெதர்லாந்தை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் உண்டு. சைக்கிளின் தாய்வீடு அது. அங்கே இரண்டு காதிலும் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டலாம். 2019 ஜூலை 1 முதல் போனைக் கையில் பிடிப்பதற்குத்தான் தடை. உண்மைதான். ஆனால் அங்கே முப்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை இருக்கிறது. அங்கே பின்னால் வருவது பெரும்பாலும் இன்னொரு சைக்கிள். இங்கே பின்னால் வருவது பஸ். அந்த நாட்டிலேயே குரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் டிக் டி வார்ட் குழுவினர் சைக்கிள் ஓட்டுபவர்களை வைத்துச் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். காதுக்குள் செருகுகிற வகையைப் போட்டவர்கள் பெல் சத்தத்தையும் ஹாரனையும்கூடத் தவறவிட்டார்கள். ஒரு காதில் மட்டும் சாதாரண இயர்போன் போட்டவர்களுக்கு நன்றாகவே கேட்டது. என் பேச்சுக்கு எதிரான முடிவு என்பதற்காக இதை நான் மறைக்கப்போவதில்லை. அவர்கள் கேட்டதா என்று பார்த்தார்கள். எங்கிருந்து என்பது அடுத்த கேள்வி. நெல் காயும் சாலையில் அந்த அடுத்த கேள்விதான் முக்கியம்.

இப்போது எனக்கு மிகவும் நியாயமாகத் தெரிகிற ஓர் ஆட்சேபத்துக்கு வருகிறேன். 2013 நவம்பரில் லண்டனில் இரண்டு வாரத்துக்குள் ஆறு சைக்கிள்காரர்கள் சாலையில் இறந்துபோனார்கள். அப்போது மேயராக இருந்த போரிஸ் ஜான்சன், சைக்கிள்காரர்கள் ஹெட்போன் போடுவதைத் தடைசெய்யலாம் என்ற யோசனையைப் பேசினார். சைக்கிள்காரர்கள் கொதித்தார்கள். நசுக்கியவை கனரக வண்டிகள், ஓட்டுநருக்குத் தெரியாத மறைவுப் பகுதிகள், மோசமான சந்திப்புகள். பழி மட்டும் செத்தவர் காதின் மேலா என்று கேட்டார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போட்டு, பாட்டு வைத்துக் கார் ஓட்டுகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லையே என்றும் கேட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நான். சாலையில் ஆளைக் கொல்வது வேகமும் எடையும். அதற்குப் பொறுப்பு வேகத்தையும் எடையையும் கையில் வைத்திருப்பவர்களிடமும், சாலை போடுகிறவர்களிடமும்தான் இருக்கிறது. சர்வீஸ் ரோட்டில் லாரியை நிறுத்தி வைப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. இயர்பட்ஸ் போட்டிருந்த ஒரு பிள்ளைமேல் பஸ் மோதினால், "காதில் மாட்டியிருந்தான்" என்ற ஒற்றை வார்த்தையில் வழக்கை முடித்துவிட யாரையும் விடக் கூடாது. பஸ்காரர் காதை அடைத்துக்கொண்டு ஓட்டினாலும் அவரைச் சுற்றி எட்டு டன் இரும்பு இருக்கிறது. சைக்கிளில் போகிற என் மாணவி ஒருத்தியைச் சுற்றி ஒரு யூனிஃபார்ம் சுடிதார்தான் இருக்கிறது. நியாயம் அவள் பக்கம் இருக்கிறது என்பதனால் அவளுக்கு அடி குறைவாகப் படப்போவதில்லை. அதனால்தான் அவளிடம் பேசுகிறேன்.

காது கேட்காதவர்கள் சைக்கிள் ஓட்டுவதில்லையா என்றும் கேட்கலாம். ஓட்டுகிறார்கள், மிக நன்றாக ஓட்டுகிறார்கள். எங்கள் தெருவில் தேய்ப்புக்கடை வைத்திருக்கும் அண்ணன் பிறவியிலேயே கேட்காதவர். துணிமூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு முப்பது வருஷமாக ஓட்டுகிறார். அவர் ஓட்டுவதை ஒரு நாள் பின்னாலேயே போய்க் கவனித்தேன். ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்திருக்கிறார். பத்துப் பெடலுக்கு ஒருமுறை தலை வலப்பக்கம் திரும்புகிறது. நிழல் விழுந்தால் கவனிக்கிறார். எதிரில் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறார். அவர்கள் கண் தன்னைத் தாண்டிப் பின்னால் போனால் ஏதோ வருகிறது என்று தெரிந்துகொள்கிறார். தனக்குக் கேட்காது என்பது அவருக்குத் தெரியும். அதற்கு ஈடாக உடம்பு முழுவதையும் பழக்கியிருக்கிறார். இயர்பட்ஸ் போட்டவருக்குத் தனக்குக் கேட்கவில்லை என்பதே தெரியாது. கேட்கிற மனிதனின் நம்பிக்கையோடு, கேட்காத காதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். அந்த அண்ணனிடமிருந்து நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். இப்போது என் வண்டியிலும் வலப்பக்கம் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் செய்து வருகிற மின் ஸ்கூட்டர்களுக்கு இன்ஜின் உறுமல் கிடையாது. டயர் உரசுகிற மெல்லிய சத்தம்தான் உண்டு. அதைப் பிடிக்கத் திறந்த காதும் வேண்டும், கண்ணாடியும் வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற சைக்கிளில் வருகிற பிள்ளைகள் எத்தனை லட்சம்! முன்பு வயர் வைத்த ஹெட்செட் இருந்தது. கழுத்தில் தொங்கும், ஹேண்டில்பாரில் மாட்டும், ஆசிரியர் கண்ணில் படும். இப்போதைய பட்ஸ் சடைக்குள்ளும் துப்பட்டாவுக்குள்ளும் மறைந்துவிடுகிறது. ஓய்வுபெறும் ஆண்டில் ஒரு நாள் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மேட்டிலிருந்து இறங்கி வருகிறான். காதிலிருந்து வெள்ளையாக ஏதோ தெறித்துச் சாலையில் உருண்டது. அவன் இரண்டு பிரேக்கையும் ஒரேயடியாகப் பிடித்து, வண்டியைப் போட்டுவிட்டு, நடுரோட்டில் குனிந்து தேடினான். டவுன் பஸ் அவனுக்குப் பத்தடி முன்னால் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து திட்டவில்லை. அவனோடு சேர்ந்து குனிந்து அதைத் தேடி எடுத்துக் கொடுத்து, "வீட்ல கொடுத்துட்டு வா தம்பி" என்றார். வேலைக்குப் போன அக்கா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்ததாம். அந்தப் பொருளின் அருமை புரிந்ததால் அவனை நான் கோபிக்கவில்லை.

பெண் பிள்ளைகள் சிலர் எனக்கு இன்னொரு காரணம் சொன்னார்கள். டீக்கடை முக்கில் நிற்பவர்கள் பேசுகிற பேச்சு காதில் விழாமல் இருக்கத்தான் சார் போட்டுக்கிறோம் என்றார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் பேச வரவில்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் ஓட்டினார்கள். முப்பது வருஷம் கழித்தும் என் மாணவி காதை அடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் திருந்தவேண்டியவர்கள் யார் என்பது தெளிவு. அந்த முக்கைத் தாண்டும் வரை நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள், பட்ஸ் வேண்டாம் என்று மட்டும் அவர்களிடம் சொன்னேன். பள்ளியில் சொல்லி, அந்த முக்கில் சாயங்காலம் ஒரு ஆசிரியர் நிற்க ஏற்பாடு செய்தோம்.

காதைப் பற்றி ஒரு மருத்துவச் செய்தி, சுருக்கமாக. காற்றும் போக்குவரத்தும் இரையும்போது பாட்டு அமுங்கும். கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூறு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் செவிக்குச் சத்தமாகக் கேட்கும் பழக்கத்தால் ஆபத்து என்றும் எச்சரிக்கிறது. உட்காதில் ஒலியை வாங்குகிற மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம். செத்தால் திரும்ப முளைக்காது.

கடைசியாக, ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று. சைக்கிள் நம்மிடம் பேசிக்கொண்டே வருகிறது. செயினுக்கு எண்ணெய் வற்றினால் கிறீச்சிடும். பெடல் அச்சில் குண்டு தேய்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'கடக்'. போக்ஸ் கம்பி தளர்ந்தால் 'டிங்' என்று ஒரு சிறு சத்தம், உடைவதற்கு முன்னால் பலமுறை அது சொல்லிவிடும். கீழவாசலில் நான் வண்டி விடுகிற கடையில் மெக்கானிக் என் சைக்கிளில் ஸ்பானர் வைப்பதற்கு முன் அதைத் தூக்கிப் பிடித்துப் பெடலைச் சுற்றிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். "பின் வீல்ல இருக்கு சார்" என்பார். தப்பியதே இல்லை. இறக்கத்தில் போகும்போது பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிற சத்தம் மாறினால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இதில் ஒன்றும் நமக்கு வந்து சேராது.

எனக்கு இசை பிடிக்கும். அந்தத் தோடியை இப்போதும் கேட்கிறேன். போய்ச் சேர்ந்ததும் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் போட்டுக் கேட்கிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை மணிக்குப் பெரிய கோயில் வாசலிலிருந்து திருவையாற்றுக்குக் கிளம்புகிறோம். பதிமூன்று கிலோமீட்டர்தான், வழியெல்லாம் ஆற்றுப் பாலங்கள். இங்கே இருக்கிற எல்லாரும் வாருங்கள். டயரில் காற்றைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். பெல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இயர்பட்ஸை அதன் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை வீட்டு மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.